கண்ணாப்பை வழக்கு

அண்ணாச்சி, அந்தப் பைய மட்டும் கொஞ்சம் மடியில வச்சுக்கிடுங்க, நான் இப்பிடி ஓரத்துல உக்காந்துக்கிடுதேன். சங்கரன்கோவிலுக்குத்தான? நானும் அங்கதான். எந்த ஊரு உங்களுக்கு? செங்கோட்டையா, சரி சரி. இதோட நிறுத்திக்கிடுதேன். நம்ம பக்கத்துல இதுக்கு அடுத்தாப்ல ஒரு கேள்வி கேப்பாவல்லா, அத நான் கேக்க மாட்டேன். அது இர்ரெலவன்ட். வழக்குக்குச் சம்பந்தம் இல்லாத கேள்வின்னு அர்த்தம். கோர்ட்டு இங்கிலீசு.

பயந்துராதிய, நான் வக்கீல் இல்ல. தென்காசில வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, தவலை, சாம்பார் வாளி, ஜமுக்காளம், பந்தி பெஞ்சு. ஆவுடையப்பன் கடைன்னா சின்னப் புள்ளயும் கை காட்டும். ஊருல பாதிக் கல்யாணச் சோறு எங்கடை அண்டாவுலதான் வெந்துது. எம் ஒத்த மக கல்யாணத்துக்கு மட்டும் அந்த அண்டாவ எறக்க முடியாம கெடந்தேன். இப்ப முடிவாயிட்டு. அதுக்குத்தான் எம் மச்சானக் கூப்பிடப் போறேன். கூப்பிடன்னு சொல்ல முடியாது, சத்தியம் பண்ணப் போறேன். இந்தா பாருங்க, பையில சூடம். ஏன்னு கேக்கியளா? சொல்லுதேன். புளியங்குடி தாண்டுததுக்குள்ள முடிச்சிருவேன்.

எல்லாம் ஒரு டிவி நாடகத்தால வந்த நல்லது. சிரிப்பு நாடகம். இங்கிலீசு. பேரு வாயில நிக்க மாட்டேங்கு. எம் மக பேரு உலகம்மை, உலகுன்னு கூப்பிடுவோம். ரத்தம் பாக்குத லேப்புல வேல பாக்கா. அவளப் பொண்ணு பாக்கக் கோவில்பட்டில இருந்து வந்தாவ. பேங்க்கு மாப்பிள்ள. பாத்துட்டு, அடுத்த மாசம் உறுதி பேச வாரோம்னு சொல்லிட்டுப் போனாவ. மறுநாளே இவ ஒரு பென்டிரைவ்ல நாடகத்த ஏத்திக் கொண்டாந்து டிவில சொருகினா. "அப்பா, தினமும் சீரியல் பாத்து மூக்கச் சிந்துதியளே, இதப் பாருங்க, நாலு இங்கிலீசு வார்த்தையாவது தெரிஞ்சுக்கிடலாம்"னா. கல்யாணம் ஆகிப் போகப்போற புள்ளைக்கு அப்பன் மேல எவ்வளவு அக்கற பாருங்க.

ஒரு சின்ன ஊரு கோர்ட்டு. அதுல ஒரு நீதிபதி, மேசைக்கு அடியில வாத்து வளக்காரு. தீர்ப்புச் சொல்லுதப்பல்லாம் அது கத்தும். ஒரு வக்கீலம்மா, ஒரு மீசக்கார வக்கீலு. மீசக்காரன் எந்தக் கேஸ்லயும் ஜெயிச்சதே கெடயாது. யாரு என்ன பேசுனாலும் எங்கேயோ ஒரு கூட்டம் கெக்கெக்கேன்னு சிரிக்கும், ஆளு கண்ணுல தெரியாது. மொத நாளு நான் தெருவுலதான் சிரிக்காவன்னு எந்திரிச்சுப் போயி வாசல்ல பாத்தேன்.

உலகுதான் பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா வெளக்குவா. மோட்டிவ்னா எதுக்காகச் செஞ்சாங்கிறது. ஆலிபின்னா, சம்பவம் நடந்தப்ப நான் அங்க இல்ல, வேற எடத்துல இருந்தேன்னு காட்டுதது. குறுக்கு விசாரணைக்கு கிராஸ். நம்ம பக்கத்துச் சாட்சியே நமக்கு எதிராத் திரும்பினா ஹாஸ்டைல். பெர்ஜுரின்னு ஒண்ணு இருக்கு, பொய்ச் சாட்சி. அதுல ஒரு நுணுக்கம் என்னன்னா அண்ணாச்சி, பொய்யின்னு தெரிஞ்சே சத்தியம் பண்ணிச் சொன்னாத்தான் குத்தம். உண்மைன்னு நம்பிச் சொன்னா அது பெர்ஜுரி ஆகாது. இத மட்டும் உலகு திரும்பத் திரும்ப வெளக்கிச் சொன்னா. எனக்கு மொதத் தடவையே புரிஞ்சிட்டு, புள்ள ஆசையாச் சொல்லுதாளேன்னு கேட்டுக்கிட்டேன்.

கோவில்பட்டிக்காரவ உறுதி பேச வந்தாவ. அதுக்குள்ள நான் பாதி நாடகம் பாத்து முடிச்சிட்டேன். உலகு காப்பித் தட்டோட வந்தா. குனிஞ்சு எனக்குக் குடுக்கும்போது மெதுவா, "அப்பா, கிராஸ் பண்ணாம எப்பிடிப்பா தீர்ப்பு?"ன்னா. நெசந்தான? எனக்குச் சுருக்குன்னு இருந்துது. ஒரு கண்ணாடித் தம்ளர் வாங்கப் போனாக்கூடத் தட்டிப் பாக்கோம்.

ஒரு சாட்சி சொல்லுதது இன்னொரு சாட்சி காதுல விழக்கூடாது, அதான் கோர்ட்டு மொற. மாப்பிள்ளயோட அம்மைய ரூம்புல உக்காரவச்சு ஃபேன் போட்டு விட்டேன். தாய்மாமன மொட்டை மாடிக்கு அனுப்பி, "குத்தாலத்து மல நல்லாத் தெரியும், பாத்துக்கிட்டு இருங்க"ன்னேன். மாப்பிள்ள கீழ முன்கூடத்துப் பட்டாசாலையில. மூணு பேருட்டயும் ஒரே கேள்வி: பையன் காலைல எத்தன மணிக்கு எந்திரிப்பான்? அம்மா சொல்லுதா, சூரியன் உதிக்கதுக்கு முன்னாலன்னு. மாடில மாமன், ஆறு மணிக்கு வாக்கிங் போவான்னாரு. கீழ எறங்கி வந்து பையன்ட்ட கேட்டா, "ஞாயித்துக் கெழமையா, மத்த நாளா?"ன்னு கேக்கான்.

விடுவனா நான்! "நேத்து எத்தன மணிக்கு? முந்தாநேத்து?"ன்னு புடிச்சிட்டேன். அடுக்களைக்குள்ள இருந்து கெக்கெக்கேன்னு ஒரே சிரிப்பு, எம் பொண்டாட்டி செண்பகமும் உலகும். நாடகத்துல சிரிப்பாவல்லா, அதே மாதிரி. எனக்கு உற்சாகம் கூடிட்டு. கேசரி அப்பிடியே ஆறிக் கெடந்துது, ஒருத்தரும் கை வைக்கல. போயிட்டாவ.

செண்பகம் ஏசினா. "வந்தவங்கள இப்பிடியா வெரட்டுவிய"ன்னா. ஆனா அடுத்து வந்தது பாருங்க, மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் மாப்பிள்ள, பெரிய சம்பளம். கூட வந்த சித்தப்பாவ நைசாத் தனியாக் கூட்டிட்டுப் போயி, வட வச்சுக்கிட்டே பேச்சுக் குடுத்தேன். மூணாவது வடைல ஆளு ஹாஸ்டைல் ஆயிட்டாரு. பையனுக்கு ஏற்கெனவே ஒரு எடத்துல நிச்சயம் முடிஞ்சு, தட்டத் திருப்பிக் குடுத்திருக்காவ! அத மறைச்சுட்டு வந்திருக்காவ. அன்னைக்கு ராத்திரி செண்பகம் எனக்கு ரெண்டு முட்ட தோச போட்டா. அதுக்குப் பொறவு அவ ஒரு வார்த்த எதுத்துப் பேசல.

அண்ணாச்சி, அந்த ஜன்னல் கண்ணாடிய லேசா எறக்குங்களேன். புழுக்கமா இருக்கு.

அதுக்குப் பொறவு வந்தவனெல்லாம் ஓடுனான். ஒருத்தன் தண்ணி குடிச்சிட்டு வாரேன்னு போனவன் செருப்ப விட்டுட்டே போயிட்டான். தரகர் சுடலைமுத்து வந்து கையெடுத்துக் கும்பிட்டாரு. "அண்ணாச்சி, உங்க வீட்டுக்கு ஆளக் கூட்டியாறதுக்குப் பதிலா நேரா கோர்ட்டுக்கே கூட்டிட்டுப் போயிரலாம், அங்கயாவது வாய்தா குடுப்பாவ"ன்னாரு. நான் பெருமையாத்தான் எடுத்துக்கிட்டேன். ஆனா வருசம் திரும்பிட்டு. புள்ளைக்கு இருபத்தெட்டு. அடுத்தவங்க வீட்டுக் கல்யாணத்துக்கு அண்டாவ வண்டில ஏத்துதப்பல்லாம் எம் புள்ளைக்கு எப்பன்னு தோணும். நாமதான் கெடுக்கோமோன்னு ஒரு பயம் வந்துட்டு. உலகுட்டயே கேட்டேன். "நீங்க கரெக்டாத்தான்ப்பா போறிய, நடுவுல நிறுத்திராதிய"ன்னா. அந்த ஒரு வார்த்தைலதான் நின்னேன்.

அப்பத்தான் அந்தப் பையன் வந்தான். பொண்ணு பாக்க இல்ல, கடைக்கு. வீட்டுல சின்ன விசேஷம்னு சொல்லி ரெண்டு அண்டா, கொஞ்சம் வாளி, கரண்டி, கண்ணாப்பை எல்லாம் எடுத்தான். கண்ணாப்பை தெரியும்லா, எண்ணெய்ல இருந்து வடைய அள்ளுத ஓட்டக் கரண்டி. பேரு சுந்தரவேல்னு சொன்னான். பேர வச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது.

ரெண்டு நாள் கழிச்சுச் சாமானத் திருப்பிக் கொண்டாந்தான். நம்ம தொழில்ல அதாம் அண்ணாச்சி பரீட்ச. எடுத்துட்டுப் போகும்போது எல்லாரும் நல்லவன்தான். திருப்பித் தரும்போது தெரியும் லெட்சணம். அண்டா அடியில அடுப்புக்கரி அப்பி இருக்கும், உள்ள சோத்துப் பருக்க காஞ்சு கெடக்கும். நம்ம நல்ல வாளிய வச்சுக்கிட்டு அவங்க வீட்டு ஓட்ட வாளியத் தள்ளி விடுவான். இந்தப் பையன் கொண்டாந்த அண்டாவப் பாத்து நான் அசந்துட்டேன். அடியில கரிப்பொட்டு கெடயாது. உள்ள மொகம் பாக்கலாம். நான் எப்பிடிக் குடுத்தேனோ அப்பிடியே திரும்பி வந்துது! இத்தன வருசத்துல அப்பிடி ஒரு சுத்தக்காரன நான் பாத்ததே இல்ல.

ஆனா கண்ணாப்பையக் காணும்.

மத்தவனா இருந்தா என்ன சொல்லுவான்? "நீங்க குடுக்கவே இல்ல அண்ணாச்சி"ம்பான். சத்தியம் பண்ணுவான். இவன் கையக் கட்டிக்கிட்டு, "கில்ட்டி சார், வீட்டுல தங்கிட்டு, நாளைக்கு நானே கொண்டாறேன்"னான். கில்ட்டி! குத்தத்த ஒத்துக்கிடுதேன்னு அர்த்தம். எனக்கு மயிரெல்லாம் சிலுத்துப் போச்சு. உலகு அன்னைக்கும் லீவு போட்டுட்டுக் கடையில உக்காந்திருந்தா. தலையத் தூக்கவே இல்ல, கரண்டியத் தொடச்சுக்கிட்டே இருந்தா. பொம்பளப் புள்ளன்னா அப்பிடி அடக்கம் வேணும்.

நான் ஆரம்பிச்சிட்டேன் கிராஸ. என்ன வேல? ஸ்கேன் எடுக்குத எடத்துல டெக்னீசியன். எந்தத் தெரு? பாத்தா, உலகு லேப்பு இருக்குத அதே கட்டடம், மேல் மாடி. எனக்குப் பொறி தட்டாம இருக்குமா? உடனே திரும்பி, "ஏளா, இவரு நம்ம கடைக்கு வாரதுக்கு முன்னால நீ பாத்ததே இல்லையா?"ன்னேன். "அவங்களுக்கு மாடிப்படி பின்பக்கம்ப்பா, நாங்க முன்பக்கமாத்தான் போவோம்"னா. ஆலிபி கச்சிதமா இருந்துது. அதுக்கு மேல துருவ வழியில்ல.

காலைல எத்தன மணிக்கு எந்திரிப்பன்னு கேட்டேன். நான் கேட்டு வாய மூடல, "அஞ்சே முக்கால் சார். எங்கம்மாவத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாலும் அதேதான் சொல்லுவாங்க"ன்னான். எப்பிடி! தண்ணி, சீட்டு, பீடி ஒண்ணும் இல்ல. இதுக்கு முன்னால நிச்சயம் எதுவும் நின்னு போகல. இதெல்லாம் நான் கேக்கதுக்கு முன்னாலயே சொல்லுதான் அண்ணாச்சி! மனசுல கள்ளம் இல்லாதவனுக்குத்தான் அவ்வளவு சரளமா வரும்.

மறுநாளு கண்ணாப்பையோட அவன் அம்மாவும் வந்தா. தனியா விசாரிச்சேன். அஞ்சே முக்கால்! ஒரு நிமிசம் கூட மாறல. அங்கயே மனசுக்குள்ள தீர்ப்பு எழுதிட்டேன், இவன்தான் மாப்பிள்ளன்னு. நானே கண்டுபுடிச்ச மாப்பிள்ள. தரகர் இல்ல, சொந்தக்காரன் இல்ல, மகளும் இல்ல. ஒரு கண்ணாப்பைய வச்சு நானே கண்டுபுடிச்சேன்.

உலகுட்டச் சொன்னா, புள்ள மொகத்த மூடிக்கிட்டு, "எனக்கு வேண்டாம்ப்பா, யாரு எவருன்னே தெரியாது"ங்கா. "ஓவர்ரூல்டு!"ன்னேன். பருப்பு மத்த எடுத்து மேசையில ஒரு தட்டுத் தட்டினேன். உன் ஆட்சேபத்தத் தள்ளுபடி செஞ்சாச்சுன்னு அர்த்தம். அவ அடுக்களைக்குள்ள ஓடிட்டா. எட்டிப் பாத்தா, செண்பகம் தோள்ல சாஞ்சு குலுங்கிக் குலுங்கி அழுதா. செண்பகமும் சீல முந்தானைய வாயில திணிச்சுக்கிட்டு அழுதா. எனக்கு மனசு கேக்கல. ஆனா நல்ல தீர்ப்பு மொதல்ல கசக்கத்தான செய்யும்?

கண்டக்டர் தம்பி, புளியங்குடி வந்துட்டா? நிறைய எலுமிச்ச மூட்ட ஏத்துதாவ போல. ஏத்தட்டும், ஏத்தட்டும்.

பொறவுதான் ஊரு வாயத் தொறந்துது. மாப்பிள்ள என்ன ஆளுக, என்ன ஆளுகன்னு கடைக்கு வந்து கேக்கான். அப்பத்தான் எனக்கே ஒறைக்கி, இவ்வளவு கிராஸ் பண்ணுன நான் அத மட்டும் கேக்கவே இல்லன்னு. விசாரிச்சா, நம்ம ஆளுக இல்ல. உள்ளதச் சொல்லுதேன், நாலு நாளு சோறு எறங்கல. நானும் அப்பிடியே வளந்தவன்தான, ஒரே நாள்ல மாறிருமா?

அப்ப நாடகத்துல ஒரு கட்டம் ஞாபகம் வந்துது. மீசக்காரன் ஒருத்தனப் பாத்து, ஒன் குடும்பம் என்ன, பாட்டன் பூட்டன் என்னன்னு கேக்கான். வக்கீலம்மா எந்திரிச்சு, "அப்ஜெக்சன், இர்ரெலவன்ட்"ங்கா. நீதிபதி சுத்தியல ஒரு போடு போட்டு, "சஸ்டெயின்டு"ங்காரு. அந்தக் கேள்வி செல்லாதுன்னு அர்த்தம். வாத்துகூட அன்னைக்குக் கத்தல. உலகு அந்தக் கட்டத்த எனக்கு எத்தனையோ தடவ திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டியிருக்கா. பையன் திருடல, பொய் சொல்லல, குடிக்கல. பாட்டன் யாருங்கிறது இந்தக் கேஸ்ல எங்க வருது? நான் கடை வாசல்ல நின்னு, கேட்டவன் அத்தன பேருட்டயும் "அப்ஜெக்சன்"னு சொல்லியே அனுப்பினேன். பாதிப் பேருக்கு அர்த்தம் தெரியல. தெரியலன்னு ஒத்துக்கிட மனசில்லாமலே போயிட்டான்.

மச்சான்தான் மசியல. செண்பகத்துக்கு அண்ணன், பூதலிங்கம்னு பேரு, சங்கரன்கோவில்ல ஜவுளிக்கட. உலகம்மையத் தூக்கி வளத்தவரு. தாய்மாமன் மால போடாம மணவறையில எப்பிடிப் புள்ள உக்காரும்? செண்பகம் தெனமும் அதச் சொல்லித்தான் அழுதா. மச்சான் போன்ல சொல்லுதாரு: "மாப்ள, நீரு பாத்து முடிச்ச எடம்னா, ஆளுக மாறினாலும் பல்லக் கடிச்சுக்கிட்டு வந்து மால போடுதேன். ஆனா ஊருல வேற மாதிரில்லா பேசுதான். புள்ளயாப் பாத்து வச்சு, நம்மளக் கோட்டிப்பயலா ஆக்கிக் கூட்டியாந்த சோலின்னா எங்கடை வாசப்படிய மிதிக்காதீரும். கோமதியம்மன் சன்னதில வந்து சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணும், உலகுக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்லன்னு."

எனக்கென்ன பயம்? உள்ளதத்தானச் சொல்லப் போறேன்! காலைல கெளம்பும்போது உலகு வாசல் வரைக்கும் வந்தா. கையப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல. "அப்பா, பெர்ஜுரின்னா என்னன்னு ஞாபகம் இருக்குல்லா?"ன்னா. கண்ணெல்லாம் தண்ணி. "போளா, எனக்கேயா பாடம் எடுக்க"ன்னு சிரிச்சுக்கிட்டே வந்து பஸ் ஏறிட்டேன்.

என்ன அண்ணாச்சி, செண்பகம் மாதிரியே வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிய? கேளுங்க, எதுன்னாலும் கேளுங்க, நான் கிராஸுக்குப் பயந்தவன் இல்ல.

விசேஷமா? அந்தப் பையன் வீட்டுலயா?

சின்ன விசேஷம்னு சொன்னான். காதுகுத்தா, புதுவீடான்னு… இல்ல, அவன் சொல்லல. நான் கேக்கலையே. வாடகைக்கு எடுக்க வாறவன்ட்ட மொதல்ல கேக்குத கேள்வி அதுதான். எத்தன பேருக்குச் சமையல், என்ன விசேஷம்னு கேட்டுத்தான் அண்டா அளவே சொல்லுவேன். அவன் எடுக்க வந்த அன்னைக்கு உலகும் கடையில இருந்தா, குறுக்க விழுந்து, "நான் எடுத்துக் குடுக்கேன்ப்பா, நீங்க உக்காருங்க"ன்னா. நானும் உக்காந்துட்டேன்.

அண்டா அடியில கரியே இல்ல.

எவ்வளவு தேச்சாலும் அண்ணாச்சி, அடுப்புல ஏறுன அண்டாவுல வெளிம்பு ஓரமா ஒரு கோடு நிக்கும். புளி போட்டாலும் போகாது, மணல் போட்டாலும் போகாது. எனக்குத் தெரியாதா அது?

தண்ணி வச்சிருக்கியளா? ஒரு மடக்குக் குடுங்க.

…அடுப்புலயே ஏறல.

அந்த ஜன்னலோரம் நான் உக்காந்துக்கிடுதேன் அண்ணாச்சி. தப்பா நெனைக்காதிய.

அன்னைக்கு அடுக்களைல அழுகல பாத்தியளா. ரெண்டு பேரும் அழுகல. இத்தன நாளும் கோவில்பட்டிக்காரன்ல இருந்து செருப்ப விட்டுட்டு ஓடுனவன் வரைக்கும்… நான் வக்கீலுன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன். மேசைக்கு அடியில கெடந்து கத்தின வாத்து அண்ணாச்சி நான்! கோவம் வரணும்லா எனக்கு? வருதான்னு நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், வர மாட்டேங்கு. அடி கள்ளி, அப்பன்ட்ட நேராச் சொன்னா வெட்டிப்போடுவான்னு பயந்து, அந்த அப்பனுக்கே இங்கிலீசு சொல்லிக்குடுத்து, அவன் வாயாலயே 'ஓவர்ரூல்டு'ன்னு சொல்ல வச்சிருக்காளே. எவ்வளவு பயந்திருப்பா எம் புள்ள. அதான் அண்ணாச்சி தாங்க முடியல. காலைல கையப் புடிச்சாளே, சில்லுன்னு இருந்துது.

அந்தா கோபுரம் தெரியுது. எறங்கணும். சன்னதில மச்சான் நிப்பாரு.

அண்ணாச்சி, ஒரு ஒத்தாச பண்ணுங்க. நீங்க இப்ப ஏதோ கேட்டிய பாத்தியளா, எலுமிச்ச மூட்ட உருளுத சத்தத்துல எங்காதுல ஒண்ணும் விழல. நானும் ஒண்ணும் சொல்லல. தெரிஞ்சு சொன்னாத்தான பெர்ஜுரி? எனக்கு ஒண்ணும் தெரியாது. அண்டாவச் சுத்தமாத் தேச்சுக் குடுத்த பையன், நானாப் பாத்து முடிச்ச எடம், எம் மக வேண்டாம் வேண்டாம்னு அழுதா. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்.

அந்தப் பையக் குடுங்க. சூடம் நசுங்கிரப் போவுது.